அமீனா சம்மனோடு வந்தால் வாங்கலாமா?

கேள்வி: என் கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார்; ஊருக்கு எப்போதாவதுதான் வருவார். பழைய புரோநோட்டுக் கடனுக்காக அவர் பெயருக்கு வந்த வக்கீல் நோட்டீஸை மாமனார் வாங்காமல் திருப்பிவிட்டார். இப்போது கோர்ட் ஊழியரான அமீனா சம்மன் கொண்டு வருகிறார். நான் கையெழுத்துப் போட்டால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடுமா?

பதில்: ஆகாது, தயங்காமல் வாங்குங்கள். அந்தக் கையெழுத்து சம்மன் கிடைத்தது என்பதற்கு மட்டும்தான். கணவர் வீட்டில் இல்லை, சீக்கிரம் வரும் வாய்ப்பும் இல்லை என்றால், அவரோடு வசிக்கும் குடும்பத்தில் வயதுவந்த எவரிடமும், ஆணோ பெண்ணோ, சம்மனைக் கொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது.

வாங்காவிட்டால் வழக்கு நின்றுவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். நிற்காது. அமீனா வாசல் கதவில் நகலை ஒட்டிவிட்டு, யார் முன்னிலையில் ஒட்டினார் என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுப்பார். 'வாங்க மறுத்தார்' என்று திரும்பிப் போகும் கோர்ட் தபாலுக்கும் அதே கதிதான்: சம்மன் சார்வு ஆனதாக, அதாவது முறைப்படி சேர்ந்துவிட்டதாக, ஆகிவிடும். வாய்தாவில் யாரும் ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு (எதிர்த்தரப்பை மட்டும் கேட்டுச் சொல்லும் தீர்ப்பு), அப்புறம் அதன்படி பணத்தை வசூலிக்க நிறைவேற்று மனு, ஜப்தி என்று நீளும். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு 30 நாளுக்குள் மனுப் போடலாம். ஆனால் கதவில் ஒட்டிய அறிக்கை கோர்ட்டில் இருக்கும்போது, தகவலே தெரியாது என்று நம்பவைப்பது பெரும்பாடு.

மாமனார் திருப்பியது எதிர்த்தரப்பு வக்கீலின் கடிதம். கோர்ட் உத்தரவு அல்ல. புரோநோட்டு வழக்குக்கு அந்த நோட்டீஸ் கட்டாயமும் இல்லை. பேசித் தீர்க்கும் ஒரு சந்தர்ப்பம் போயிற்று, அவ்வளவுதான். செக் பவுன்ஸ் நோட்டீஸைத் திருப்பியிருந்தால்தான் பெரிய நஷ்டம். அதில் 15 நாளுக்குள் பணத்தைக் கட்டினால் குற்ற வழக்குக்கே இடமில்லை. வாங்க மறுத்தாலும் அந்தக் கெடு ஓடத் தொடங்கிவிடும்.

சம்மனோடு வழக்குரையின் (கடன் கொடுத்தவர் கோர்ட்டில் போட்ட மனு) நகல் இருக்கிறதா பாருங்கள், இருக்க வேண்டும். கையில் கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். சாதாரண வழக்கில் எதிருரை, அதாவது உங்கள் தரப்புப் பதில், தாக்கல் செய்ய 30 நாள். காரணம் சொல்லிக் கேட்டால் கோர்ட் மொத்தம் 90 நாள் வரை தரலாம். ஆனால் புரோநோட்டு வழக்கை ஆர்டர் 37 என்ற சுருக்கமான நடைமுறையிலும் போடுவார்கள். அப்படியானால் 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். சம்மனில் இதை முதலில் தேடுங்கள்.

ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற உங்கள் பயத்துக்கு உண்மையான இடம் வேறு. 'மூணு மாசம் டைம் கொடுங்க' என்று கடன் கொடுத்தவருக்குக் கணவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அதை ஒப்புதலாகக் கோர்ட்டில் காட்டலாம். வக்கீலைப் பார்க்கும்வரை எதுவும் எழுத வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். கேட்டவுடன் தரவேண்டிய புரோநோட்டுக்கு வழக்குப் போட, எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டு கெடு. அதற்குள் ஏதாவது கட்டி, நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 ஆண்டு. எனவே அந்தத் தேதிகளையும் கையெழுத்து தன்னுடையதுதானா என்பதையும் அவர் வழக்குரை நகலில் சரிபார்க்க வேண்டும்.

எல்லாப் பக்கங்களையும் அன்றைக்கே படமெடுத்து அவருக்கு அனுப்புங்கள். வக்கீலுக்கு வாதாட அதிகாரம் தரும் வக்காலத்தில் அவர்தான் கையெழுத்திட வேண்டும்; உங்கள் கையெழுத்து செல்லாது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கட்டும். வருமான வரம்புக்குள் வந்தால் இலவசமாகவே வக்கீலை நியமிப்பார்கள்.