கூலண்ட் மாற்றிய பட்டறையிடம் இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: என் ஜப்பானிய கார் 2009இல் பதிவானது. சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டுகிறேன். மூன்று மாதங்களுக்கு முன் சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றினேன். முன்பு இருந்தது சிவப்பு. அவர்கள் பச்சை ஊற்றினார்கள். கேட்டதற்கு, "எல்லாம் ஒன்றுதான், உங்கள் வண்டிக்குச் சரிவரும்" என்றார்கள். போன வாரம் பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. உடனே ஓரங்கட்டி நிறுத்தி, வேறு பட்டறைக்கு இழுத்துச் செல்ல வைத்தேன். ரேடியேட்டருக்குள் கூழ் அடைத்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பாகங்களுக்கு இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது, 3,800 வெள்ளி ஆகும் என்கிறார்கள். முதல் பட்டறையோ, "வண்டி பழசு, உத்தரவாதம் இல்லை என்று ரசீதிலேயே இருக்கிறது" என்கிறது. நான் என்ன செய்யலாம்? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: முதலில் இரண்டாவது பட்டறைக்கு போன் செய்து, இன்ஜினைப் பிரிக்க வேண்டாம், ரேடியேட்டரில் இருப்பதைக் கொட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கான சாட்சியம் முழுக்க அந்த ரேடியேட்டருக்குள்தான் இருக்கிறது. பழுதுபார்த்துப் பழைய பாகங்களைத் தூக்கிப்போட்ட பிறகு என்னிடம் வருகிறவர்களை நினைத்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அவர்களிடம் மிச்சம் இருப்பது கட்டிய பில் மட்டும்தான்.

"சிவப்புக்குப் பதில் பச்சை ஊற்றினார்கள்" என்பதை மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது. நிறம் வெறும் சாயம். அதற்குப் பொதுவான தரக்கட்டுப்பாடு கிடையாது. முக்கியமானது, துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் மருந்து. பழைய வகைப் பச்சைக் கூலண்டில் பெரும்பாலும் சிலிகேட் இருக்கும், ஏறக்குறைய 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சிலிகேட் இல்லாத, பாஸ்பேட்டும் கரிம அமிலமும் சேர்ந்த வகையைச் சொல்வார்கள். பழையதைச் சுத்தமாகக் கழுவாமல் ஒத்துப்போகாத இன்னொன்றை ஊற்றினால் மருந்து திரிந்து கூழாகிவிடலாம். அதே சமயம் ஜப்பானிய கார்களுக்குப் பொருந்தும் பச்சைக் கூலண்டும் கடையில் விற்கிறது. ஆகவே ஊற்றியது எந்த வகை, பழையதை முழுமையாக இறக்கிக் கழுவினார்களா, உங்கள் காரின் கையேடு எதைக் கேட்கிறது, இந்த மூன்றுக்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு எடுக்கக்கூடிய ஒரு வாதத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பல ஆட்டோ கியர் கார்களில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே போகும். பழைய வண்டியில் அது கசிந்தால் எண்ணெயும் கூலண்டும் கலந்து பால் கலந்த தேநீர் நிறத்தில் கூழாகிவிடும். கசிவை அடைக்க ஊற்றும் மருந்தும் ரேடியேட்டரை அடைக்கக்கூடியது. இரண்டாவது பட்டறை இவற்றையெல்லாம் பார்த்து, இவை காரணமல்ல என்றால் அதை எழுத்தில் தர வேண்டும். வாய்வார்த்தை போதாது. கூலண்டில் கொஞ்சத்தைச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் எடுத்து, தேதி எழுதி, மூடி ஒட்டி வையுங்கள். அது விஷம், இனிக்கவும் செய்யும், குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. அடைத்த ரேடியேட்டரையும் பழைய கேஸ்கெட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முதல் பட்டறைக்கு மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ அனுப்புங்கள். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, வண்டி இருக்கும் இடத்தைக் குறிப்பிட்டு, ஒரு வாரத்துக்குள் வந்து பார்க்கலாம் என்று எழுதுங்கள். வராவிட்டால் பிரித்து வேலையைத் தொடங்குங்கள். பார்க்க வாய்ப்பே தரவில்லை என்று பின்னால் அவர்கள் சொல்ல முடியாது.

இனி சட்டம். எல்லாரும் முதலில் கேட்பது லெமன் சட்டத்தைத்தான். பொருள் கைக்கு வந்த 6 மாதங்களுக்குள் குறை தெரிந்தால், அது முதலிலேயே இருந்தது என்று அனுமானிக்கும் சட்டம் அது. ஆனால் அதன் முதல் நிவாரணம் அந்தப் பொருளைச் சரிசெய்வது அல்லது மாற்றித் தருவது. கூலண்டை மாற்றித் தந்தால் உங்கள் இன்ஜின் திரும்பி வராது. உங்களுக்கு உதவுவது வேறு இரண்டு விஷயங்கள். வேலை செய்பவர் நியாயமான திறமையோடும் கவனத்தோடும் செய்ய வேண்டும் என்பது சேவை ஒப்பந்தத்தில் சொல்லாமலே அடங்கியிருக்கும் கடமை. இன்ன காருக்கு என்று தெரிந்தே ஊற்றிய பொருள் அந்தக் காருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. "உங்கள் வண்டிக்குச் சரிவரும்" என்ற அவர்கள் வார்த்தை இங்கே உங்களுக்கு நல்ல ஆயுதம். அது வாட்ஸ்அப்பில் இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

ரசீது வாசகத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். வேலை முடிந்து பணம் கட்டிய பிறகு கையில் வந்த தாளில் முதன்முதலாகப் பார்த்த நிபந்தனை ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடாது. முன்பே காட்டியிருந்தாலும், 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டம் இங்கே நடப்பில் உள்ளது. கவனக்குறைவால் பொருளுக்கு வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று கைகழுவ, அந்த நிபந்தனை நியாயமானதாக இருக்க வேண்டும். வண்டி பழசு என்பது தவறான கூலண்டை ஊற்ற அனுமதி ஆகாது.

‘கேஸ்’ எனப்படும் பயனீட்டாளர் சங்கத்தில் சமரசத்துக்கு முயலலாம். பட்டறை வராவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். அதன் வரம்பு 20,000 வெள்ளி, காலக்கெடு 2 ஆண்டுகள். இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், 5,000 வெள்ளிக்கு உட்பட்ட பயனீட்டாளர் கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் உங்களுக்காக அங்கே வாதாட முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். பெயர்ப்பலகையில் இருக்கும் பெயரை எழுதிவிடாதீர்கள். ரசீதிலுள்ள பதிவு எண்ணை, நிறுவனங்களைப் பதிவுசெய்யும் ‘ஆக்ரா’ (ACRA) ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடி, பதிவான பெயரை எழுதுங்கள்.

முள் ஏறியதும் வண்டியை நிறுத்தியது நல்ல வேலை. அதற்குப் பிறகும் ஓட்டியிருந்தால், கூடுதல் சேதத்தை உங்கள் கணக்கில் எழுதியிருப்பார்கள். இழுத்துச் சென்ற ரசீதைத் தேதி, நேரத்தோடு சேர்த்து வையுங்கள்.

தொகையைப் பொறுத்தவரை, 3,800 வெள்ளியும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தேய்ந்த பாகங்களுக்குப் பதில் புதியவை வருவதால் மன்றம் கொஞ்சம் கழிக்கக்கூடும். இழுவைச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். சமரசத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத் தர முன்வந்தால், நானாக இருந்தால் ஏற்றுக்கொள்வேன். ஆனால் தொகையும் கொடுக்கும் நாளும் எழுத்தில் இருக்க வேண்டும், பணம் கணக்கில் விழும்வரை அந்தப் புட்டியையும் ரேடியேட்டரையும் கொடுத்துவிடாதீர்கள்.