பிடித்த நடிகர், பிடித்த அணி என்று பிடித்த ஒன்றுக்காக ஏன் பகை வருகிறது?

ரசனை மெல்ல ‘நான் யார்’ என்ற அடையாளமாகிவிடுகிறது. அப்புறம் அதைக் குறை சொன்னால் நம்மையே சொன்ன மாதிரி சுடும். ‘நாங்க–அவங்க’ மனநிலை என்பது இதுதான்.

பெரிய காரணம்கூட வேண்டாம். 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல், எந்த ஓவியரின் படம் பிடிக்கிறது என்று கேட்டுப் பள்ளிச் சிறுவர்களை இரண்டாகப் பிரித்தார். கேட்டது சும்மா பெயருக்கு, பிரித்தது குருட்டாம்போக்கில். ஆனாலும் காசைப் பங்கிடச் சொன்னபோது, யாரென்றே தெரியாத ‘தன் குழு’ ஆளுக்கே பலரும் அதிகம் கொடுத்தார்கள். தன் குழுவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் சரி, எதிர்க்குழுவை முந்தினால் போதும் என்ற போக்கும் தெரிந்தது!

பள்ளி விளையாட்டு விழா மாதிரிதான். நேற்று ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள், இன்று சிவப்பு அணி, நீல அணி என்று கயிறு இழுக்கும்போது முறைத்துக்கொள்வார்கள்.

வெறிபிடித்த ரசிகர்கள்தான் இப்படி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தச் சிறுவர்களிடம் இருந்தது ஒரு குழுப் பெயர் மட்டும்தான்.