முதலில் ஷாடைத் தேடுங்கள், அப்புறம் லூர் வாங்கலாம்

கேள்வி: டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். சின்ன வயதில் ஊர்க் குளத்தில் விரால் பிடித்த பழக்கம் உண்டு. இந்த வருஷம் ஏப்ரலில் ஆரம்பித்து லூயிஸ்வில் ஏரிக்கரையில் பிளாஸ்டிக் புழு போட்டு லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீன் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்டோபர் பிறந்ததும் அதே இடம், அதே புழு, ஒரு கொத்துகூட இல்லை. கடைக்குப் போனால் சுவர் முழுக்க லூர் (செயற்கை இரை) தொங்குகிறது. எதை எடுப்பது என்று புரியாமல் வெறுங்கையோடு திரும்பிவிட்டேன். என்னிடம் படகு கிடையாது, கரையிலிருந்துதான் வீச வேண்டும். எதை வாங்கலாம், எப்படி இழுக்க வேண்டும்?

பதில்: புழு அதே புழுதான், மீன்தான் வீடு மாறிவிட்டது. அது ஏன் மாறியது என்று தெரிந்துகொண்டால், அந்தச் சுவரில் தொங்குவதில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவைப்படாது.

வட டெக்சாஸ் ஏரிகளில் பாஸின் முக்கியமான சாப்பாடு ஷாட். நம் மத்திக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வெள்ளி நிறம், தட்டை உடம்பு, தனியாகத் திரியாது, கூட்டமாகத்தான் அலையும். கோடை முழுக்க இந்தக் கூட்டம் ஏரியின் நடுப்பரப்பில் மேயும். தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கி 70-களை எட்டும்போது, கூட்டம் கூட்டமாக ஓடை வாய்களுக்குள் நுழைந்து, போகப் போக ஓடையின் கடைக்கோடி வரை போய்விடும். பாஸ் பின்னாலேயே போகும். குளிர்காலம் வருவதற்குள் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டுமே! லூயிஸ்வில்லில் ஹிக்கரி கிரீக், லிட்டில் எல்ம் கிரீக் ஓடைகள் ஏரியில் சேரும் கிளைகளை வரைபடத்தில் பாருங்கள். நீங்கள் கோடையில் நின்ற இடம் அணைப் பக்கம் என்றால், உங்கள் மீன்கள் அங்கிருந்து பல மைல் தள்ளிப் போயிருக்கலாம்.

அதனால் இந்தப் பருவத்தில் என் வரிசை இதுதான்: முதலில் ஷாட், பிறகு இடம், கடைசியில்தான் லூர். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, கடைக்காரருக்கு நல்ல வியாபாரம் கொடுக்கிறார்கள்.

ஷாடைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கரைக்குப் போனதும் ராடைக் கையில் எடுக்காமல் பத்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். அமைதியான நீர்ப்பரப்பில் தூறல் விழுவது போலச் சின்னச் சின்ன வளையங்கள் தெரிந்தால் அது ஷாட். நாரை ஒரே இடத்தில் அசையாமல் நின்றால், கடல்காகங்கள் ஒரே பக்கம் வட்டமடித்தால், அங்கே போங்கள். காற்று எந்தக் கரையை அறைகிறதோ அந்தக் கரை இன்னும் நல்லது. காற்று நுண்ணுயிர்களைத் தள்ளிக்கொண்டு வரும், அதைத் தின்ன ஷாட் வரும், அதைத் தின்ன பாஸ் வரும். முகத்தில் காற்று அடிக்கும் கரையில் நின்று வீசுவது எரிச்சலான வேலைதான், தூண்டில் நரம்பும் சிக்கும். ஆனாலும் முதுகுக்குக் காற்று வாங்கிக்கொண்டு வசதியாக நின்ற நாட்களில் நான் அதிகம் பிடித்ததாக நினைவில்லை.

கரையில் செத்து ஒதுங்கிய ஷாட் ஒன்று கிடைத்தால் எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். நான் எப்போதும் இதைச் செய்வேன். போன அக்டோபரில் ஒரு நாள் அப்படி வைத்துப் பார்த்தேன்: சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் குட்டை, முதுகு நீலச் சாம்பல், வயிறு பளீர் வெள்ளை, செவுளுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. பக்கத்திலேயே நான் காலையிலிருந்து வீசிக்கொண்டிருந்த லூரை வைத்தேன். அது நடுவிரலைவிட நீளம், உடம்பும் இரண்டு மடங்கு பருமன். இந்த ஏரியில் அந்த வாரம் அப்படி ஒரு மீனே நீந்தவில்லை. சின்னதாக ஒன்றை மாற்றினேன், நாலாவது வீச்சில் மீன் வந்தது. நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், ஆனால் இலையுதிர் காலத்தில் அளவுக்குத்தான் முதல் மரியாதை. நிறத்துக்கு ஒரே ஒரு விதி போதும்: தண்ணீர் தெளிவாக இருந்தால் ஷாட் போல வெள்ளி, வெள்ளை. மழைக்குப் பிறகு கலங்கித் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டால் பளிச்சென்ற மஞ்சள் பச்சை, இல்லாவிட்டால் கறுப்பு.

சரி, லூருக்கு வருவோம். கரையிலிருந்து வீசும் ஒருவருக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது லிப்லெஸ் கிராங்க்பெய்ட். முகத்தில் நாக்குப் போன்ற தகடு இல்லாத, தட்டையான, உள்ளே குண்டுகள் கலகலவென்று ஆடும் லூர். லூயிசியானாக்காரரான பில் லூயிஸ் உருவாக்கிய ராட்-எல்-ட்ராப் இதில் பெயர் போனது. மற்ற நிறுவனங்களும் நல்லதாகவே செய்கின்றன. அரை அவுன்ஸ் எடை, வெள்ளி உடம்பு, நீல முதுகு போதும். ஷாட் ரொம்பச் சின்னதாக இருந்தால் கால் அவுன்ஸ். இதன் பெரிய லாபம் தூரம். எதிர்காற்றிலும் கல் மாதிரி பறக்கும், ஒரு இடத்தில் நின்றபடியே பெரிய பரப்பை அலசிவிடலாம். இன்றைக்கு மீன் எங்கே என்று தெரியாத பருவத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்.

இழுக்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வீசிவிட்டு ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே வருவார்கள். மீன் அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் வரும், கரை வந்ததும் திரும்பிப் போகும். நீங்கள் இப்படிச் செய்யுங்கள்: விழுந்ததும் இரண்டு மூன்று எண்ணிக்கை மூழ்க விடுங்கள். ராட் நுனியைத் தாழ்த்தி ஆறேழு சுற்று வேகமாகச் சுற்றுங்கள். பிறகு ராடைச் சட்டென்று உயர்த்தி, லூரை நரம்பு தொய்யாமல் விழ விடுங்கள். ஷாட் அடிபட்டால் அப்படித்தான் துடித்துச் சரியும். பத்தில் ஆறேழு கொத்து விழும்போதுதான் வரும். அதுவும் ‘டக்’ என்று வராது. மீண்டும் சுற்றத் தொடங்கும்போது நரம்பு கனத்துப்போயிருக்கும். அடியில் பாசி சிக்கினால் சலித்துக்கொள்ளாமல் மணிக்கட்டால் சுண்டிப் பிடுங்குங்கள். பாசியைக் கிழித்துக்கொண்டு லூர் வெளியே வரும் அந்த நொடியில் மீன் பாய்வதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, ஸ்கொயர்பில். இதன் மூக்குத் தகடு சதுரமாக இருப்பது அழகுக்காக இல்லை. மரக்கட்டையிலோ கல்லிலோ மோதும்போது முள் மாட்டாமல் லூரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். மூன்று முதல் ஐந்து அடி ஆழம் வரை போவதை வாங்குங்கள். இதை வெட்டவெளித் தண்ணீரில் இழுப்பது வீண். ஓடைக்குள் சாய்ந்த மரம், படகுத்துறைத் தூண், கரைக் கற்கள் என்று எதிலாவது இடிக்க வேண்டும். இடித்ததும் அரை நொடி நிறுத்துங்கள். மீன் அங்கேயேதான் இருந்திருக்கும், அந்த மோதல்தான் அதைக் கிளப்பிவிடும். விரால் பிடித்தவருக்கு இது புதிதல்ல: பசித்த மீனைவிடச் சீண்டப்பட்ட மீன் சீக்கிரம் கவ்வும்.

மூன்றாவது, வெள்ளை ஸ்பின்னர்பெய்ட், அதாவது சுழலும் தகடு வைத்த லூர், கால் அல்லது 3/8 அவுன்ஸ். 3/8 என்றால் எட்டில் மூன்று பங்கு. அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கும். இலை போல நீண்ட தகடு தெளிந்த தண்ணீருக்கும் வேகமான இழுப்புக்கும் பொருந்தும். உருண்டைத் தகடு கலங்கல் தண்ணீரில் மெதுவாக இழுக்க ஏற்றது, அதிர்வு அதிகம். மேகமூட்டமும் காற்றும் சேர்ந்த நாளில் வேறு எதையும் எடுக்காமல் இதையே வீசலாம். காற்றில்லாமல் வானம் கண்ணாடி போல் இருக்கும் நாளில் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

நான்காவது மேல்மட்ட லூர். ஹெட்டன் நிறுவனத்தின் ஸாரா ஸ்பூக் மாதிரி சுருட்டு வடிவக் கட்டை. ராட் நுனியைத் தாழ்த்தி, தளர்ந்த நரம்பில் சின்னச் சின்னச் சுண்டல் கொடுத்தால் இடதும் வலதுமாக நெளிந்து வரும். பத்து நிமிஷத்தில் கை பழகிவிடும். விடிந்த முதல் ஒரு மணி நேரம் இதற்குத்தான். மேகம் மூடியிருந்தால் மதியம் வரைகூட வேலை செய்யும். தண்ணீர் வெடித்ததும் பதறி இழுத்துவிடாதீர்கள், லூர் உங்கள் முகத்துக்குத்தான் வரும். கையில் கனம் தெரிந்த பிறகு இழுங்கள்.

இந்த நான்கும் சாதாரணமாகத் தலா பத்து டாலருக்கு முன்னப் பின்ன இருக்கும். கூடவே மூன்று அங்குல மென்பிளாஸ்டிக் மீன் ஒரு பாக்கெட், கால் அவுன்ஸ் ஜிக் தலை (எடைக்குண்டு வைத்த கொக்கி) நாலு. ஷாட் கூட்டம் கண் முன்னால் கொதித்தும் எதையும் தொடாத நாள் ஒன்று வரும். அன்றைக்கு இதை வீசி, மெதுவாக, ஒரே சீராகச் சுற்றுங்கள். மலிவானதுதான், பல நாள் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

நரம்பு பற்றி ஒரு வார்த்தை. 12 பவுண்டு தாங்கும் மோனோவில், அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பில், ஆரம்பியுங்கள். அது மெதுவாகத்தான் மூழ்கும் என்பதால் மேல்மட்ட லூருக்கும் சரியாக இருக்கும், கிராங்க்பெய்டுக்கும் குறையில்லை. லூயிஸ்வில் கற்களில் ஸீப்ரா சிப்பிகள் ஒட்டியிருக்கின்றன, விளிம்பு பிளேடு மாதிரி. அரை மணிக்கு ஒரு தடவை கடைசி இரண்டடி நரம்பை விரலில் உருவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சுப் போடுங்கள். சோம்பல்பட்டு நான் இழந்த லூர்களின் விலையில் இன்னொரு ராட் வாங்கியிருக்கலாம்.

மூன்று முள் கொண்ட கொக்கிகளுக்கு நீள மூக்குக் குறடு இல்லாமல் போகாதீர்கள். ஒரு நாள் துள்ளிய மீனோடு சேர்ந்து கொக்கியும் என் கட்டைவிரலில் ஏறி, மருத்துவரிடம் போய்த்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு முள்ளில் எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூரைக் குறடால் நசுக்கிவிட்டுத்தான் வீசுகிறேன். நரம்பைத் தொய்ய விடாவிட்டால் மீனும் அப்படியொன்றும் கழன்று போவதில்லை.

இன்னொன்று. ‘ஏரி புரண்டுவிட்டது, அதனால் மீன் கொத்தவில்லை’ என்று கரையில் யாராவது சொல்வார்கள். மேல் தண்ணீர் குளிர்ந்து கனமாகி, அடித் தண்ணீரோடு கலப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது உண்மையிலேயே நடப்பதுதான். உயிர்வளி குறைந்த அடித் தண்ணீர் மேலே வந்து சில நாள் மீனை மந்தமாக்கும். ஆனால் அது ஆழமான தண்ணீரின் தொல்லை. ஓடையின் ஆழமில்லாத பகுதிக்குப் போய்விட்டால் உங்களைப் பெரிதாகப் பாதிக்காது. குளிர்காற்று வீசிப்போன மறுநாள் அதைவிட மோசம்: வானம் நீலமாக, வெயில் சுள்ளென்று, மீன் வாயையே திறக்காது. அன்றைக்கு மரத்தடி நிழலிலும் துறைத் தூண் அருகிலும் உங்கள் பழைய புழுவையே மெதுவாக இழுங்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நவம்பர் கடைசியில் தண்ணீர் 50-களுக்கு வந்ததும் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்போது சஸ்பெண்டிங் ஜெர்க்பெய்ட் ஒன்று வாங்குங்கள். நிறுத்தினால் மூழ்காமல் மிதக்காமல் அந்தரத்தில் நிற்கும் வகை. இரண்டு சுண்டு, ஐந்து எண்ணிக்கை நிறுத்தம்; இன்னும் குளிர்ந்தால் பத்து எண்ணிக்கை. பொறுமைதான் கஷ்டம். அந்தக் காலத்தில் கொத்து குறையும், ஆனால் வருவது பெரிதாக வரும். டல்லாஸுக்குக் கிழக்கே இருக்கும் லேக் ஃபோர்க்கில் 1986 நவம்பரில் மார்க் ஸ்டீவன்சன் பிடித்த பாஸ் 17.67 பவுண்டு. அதாவது எட்டுக் கிலோ. எதெல் என்று பெயர் வைத்தார்கள். பெரிய பாஸை உயிரோடு வாங்கி இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தும் டெக்சாஸின் ஷேர்லங்கர் திட்டத்துக்குப் போன முதல் மீன் அதுதான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஏப்ரலில் ஆரம்பித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். டெக்சாஸின் வழக்கமான வருடாந்திர மீன்பிடி உரிமம் நீங்கள் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். உங்களுடையதை எடுத்துத் தேதியைப் பாருங்கள். புதுப்பிக்கும் வரை சும்மா இருக்க முடியவில்லை என்றால் ரே ராபர்ட்ஸ் ஏரியின் மாநிலப் பூங்காவுக்குப் போங்கள். டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து பிடிக்க உரிமம் தேவையில்லை, நுழைவுக் கட்டணம் மட்டும்தான். அளவு, எண்ணிக்கை விதிகள் அங்கேயும் உண்டு.