‘சரக்கு’ என்பது தமிழ்ச் சொல்தானா? அதன் பொருள் என்ன?

‘சரக்கு’ என்பது விற்பதற்காக வாங்கியோ செய்தோ வைத்திருக்கும் பொருளைக் குறிக்கும் சொல். தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றிலும் சிறு ஒலி மாற்றத்துடன் இதே பொருளில் வழங்குவதால், இதைத் திராவிட மொழிகளின் பொதுச் சொல்லாகவே கொள்ள வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கத்துக்காகப் புலிச் சின்னம் பொறிக்கப்பட்ட பொதிகளைப் பாடும் பட்டினப்பாலை, வணிகப் பொருளைப் ‘பண்டம்’ என்றே சொல்கிறது.

சித்த மருத்துவத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி முதலிய மூலப்பொருள்கள் கடையில் வாங்கப்படுபவை என்பதால் ‘கடைச்சரக்கு’ எனப்படுகின்றன. இந்த வழக்கு அழகானது. உணவகங்களில் ‘சரக்கு மாஸ்டர்’ சமைப்பவரைக் குறிக்கிறது. மதுவைக் குறிக்கும் பேச்சுவழக்கை மட்டும் எண்ணி இச்சொல்லை எழுத்தில் தவிர்ப்பது தேவையற்றது. 2017-இல் நடைமுறைக்கு வந்த வரியும் ‘சரக்கு மற்றும் சேவை வரி’ என்றே தமிழில் வழங்குகிறது.