மீம் போட்டதற்குக் கைதா? போலீஸைவிட புரோக்கரிடம் உஷாராக இருங்கள்

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். தெருவில் தேங்கும் மழைநீர், வராத பஸ், அமைச்சர்களின் பேச்சு என்று கண்ணில் படுவதையெல்லாம் கிண்டலடித்து முகநூலில் போடுவது என் பழக்கம். சமீபத்தில் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. படத்தை வடிவேலு டெம்ப்ளேட்டில் வைத்து, ‘சாலைப் பள்ளத்துக்கு முதலாம் ஆண்டு நிறைவு விழா’ என்று ஒரு மீம் போட்டேன். சென்ற வாரம் ஒருவர் வாட்ஸ்அப்பில் அழைத்து, ‘சைபர் கிரைமிலிருந்து பேசுகிறேன், 66ஏ பிரிவில் உங்கள் மேல் கேஸ் ஆகியிருக்கிறது’ என்றார். நோட்டீஸ் என்று ஒரு பி.டி.எஃப்.பும் அனுப்பினார். ஸ்டேஷனில் பழக்கமுள்ள உள்ளூர்க்காரர் ஒருவர், 25,000 ரூபாய் கொடுத்தால் பேசி முடித்துத் தருவதாகச் சொல்கிறார். என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. அந்த மீமுக்கு அவர் சிரிப்புக்குறி போட்டிருக்கிறார். என்னுடைய பழைய பதிவுகள் சிலவற்றைப் பகிர்ந்தும் இருக்கிறார். எல்லாவற்றையும் அழித்துவிடவா? பணத்தைக் கொடுத்துத் தொலைத்துவிடவா? குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் நான்தான் அட்மின். அதிலிருந்தும் விலகிவிடவா?

பதில்: முதலில், பணம் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்களை மிரட்டியவர் சொன்ன 66ஏ இப்போது சட்டத்தில் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அந்த வழக்குக்குக் காரணமே உங்களுடையதைப் போன்ற ஒரு விவகாரம்தான். 2012இல் பால் தாக்கரே இறந்தபோது மும்பை முடங்கியதைப் பற்றி பால்கரைச் சேர்ந்த ஒரு பெண் முகநூலில் எழுதினார். இன்னொரு பெண் அதற்கு லைக் போட்டார். இருவரையும் கைது செய்தார்கள். நாடே கொதித்தது, வழக்கு டெல்லி வரை போனது, பிரிவு ஒழிந்தது. ஆனால் ரத்தான பிறகும் பல மாநிலங்களில் காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தன. அதற்காக 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஓர் உத்தரவு போட வேண்டியிருந்தது, ‘இந்தப் பிரிவில் யார் மீதும் வழக்கு நடத்தாதீர்கள்’ என்று. இல்லாத பிரிவில் வழக்குப் போடாதே என்று சொல்ல நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. நம் நிர்வாகத்தின் லட்சணம் இது.

ஆக, 66ஏ என்று சொல்பவர் ஒன்று மோசடிக்காரர், அல்லது பத்து வருடங்களாகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டாதவர். உங்களுக்கு வந்தது முதல் ரகம் என்றுதான் நினைக்கிறேன்.

காரணம், அந்த வாட்ஸ்அப் நோட்டீஸ். விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸை இப்போது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவில் தருகிறார்கள். பழைய நடைமுறைச் சட்டத்தின் 41ஏ பிரிவுதான் அது. அதை வாட்ஸ்அப்பிலோ வேறு மின்னணு வழியிலோ அனுப்பக் கூடாது, சட்டம் சொல்லும் முறைப்படி நேரில்தான் கொடுக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அசோகச் சக்கரம் போட்டு, சிவப்பு முத்திரை குத்தி, இங்கிலீஷும் தமிழும் கலந்து மிரட்டுகிற பி.டி.எஃப். எவன் வேண்டுமானாலும் செல்போனிலேயே செய்துவிடலாம். பி.டி.எஃப். போலத் தெரிவது சில சமயம் உங்கள் வங்கிக் கணக்கைத் துடைக்கிற ஏ.பி.கே. கோப்பாகவும், அதாவது போனில் செயலியை ஏற்றிவிடும் கோப்பாகவும் இருக்கும். இனி அந்த எண்ணிலிருந்து எது வந்தாலும் திறக்காதீர்கள். வீடியோ அழைப்பில் உட்காரவைத்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்பார்கள்; அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

அடுத்து உள்ளூர்க்காரர். மோசடிக்காரன் தொலைவில் இருக்கிறான், எண்ணைத் தடுத்துவிட்டால் தீர்ந்தது. இவர் டீக்கடையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அக்கறையாகப் பேசுகிறவர் என்பதால் இவரால்தான் உங்களுக்குச் சேதம் அதிகம். ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். கட்சிக் கரை வேட்டி கட்டியிருப்பார், அல்லது எங்கள் வக்கீல் தொழிலைச் சேர்ந்தவர் போலவே கறுப்பு பேன்ட் போட்டிருப்பார். ‘இன்ஸ்பெக்டர் நம்ம ஆளுதான், எஃப்.ஐ.ஆர். ஆகாமப் பாத்துக்கறேன்’ என்பார். எஃப்.ஐ.ஆர். போடுகிற எண்ணமே அங்கே யாருக்கும் இருந்திருக்காது. வராத வழக்கை வராமல் செய்ததற்கு 25,000 ரூபாய். இன்னொரு வகை, புகாரையும் இவர்களே தூண்டிவிட்டு, சமரசத்துக்கும் இவர்களே வருவது. அதுவும் நடக்கிறது.

இவர்கள் காட்டும் காகிதம் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். நகலாக இருக்கும். யாராவது உங்கள் மேல் புகார் கொடுத்தால் ஸ்டேஷனில் தரும் ரசீது அது. அது வழக்கு அல்ல, உங்களைக் குற்றவாளி ஆக்குவதும் அல்ல. எஃப்.ஐ.ஆர். வேறு. அதைப் பதிவு செய்தால் 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டிருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். பேரம் பேசுபவரிடம் ‘எஃப்.ஐ.ஆர்.ல இருக்கிற குற்ற எண் சொல்லுங்க, பார்த்துக்கறேன்’ என்று மட்டும் கேளுங்கள். அவர் பேச்சு எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

உண்மையிலேயே ஸ்டேஷனிலிருந்து அழைத்தால் பெயர், பதவி, ஸ்டேஷன் எது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, ஒரு வக்கீலோடு நேரில் போங்கள். எழுத்துபூர்வமான நோட்டீஸ் கையில் வந்தால் போகாமல் இருக்காதீர்கள். போகாமல் இருப்பதையே கைதுக்குக் காரணமாகக் காட்டுவார்கள். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது, காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்று 2014இலேயே தீர்ப்பு இருக்கிறது. உங்கள் மீம் அந்தப் பேச்சுக்கே வராது. போனை வாங்கி வைத்துக்கொண்டால் மகஜர், அதாவது கைப்பற்றியதைப் பற்றிய பதிவு, எழுதச் சொல்லி அதன் நகலைக் கேளுங்கள். ‘சும்மா பார்த்துட்டுத் தரோம்’ என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி மீமுக்கு வருவோம். பள்ளத்துக்கு ஆண்டு விழா எடுத்தது குற்றம் இல்லை. எம்.எல்.ஏ.வுக்குக் கோபம் வந்தால் அவர் அவதூறு வழக்குத்தான் போட முடியும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356ஆவது பிரிவு. அதில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு உங்களைத் தூக்கிப் போக முடியாது. அவர் நீதிமன்றத்துக்குப் போய் புகார் மனு தாக்கல் செய்ய வேண்டும். பள்ளம் இருக்கிறதா இல்லையா என்று கோர்ட்டில் வாதாட எந்த எம்.எல்.ஏ.வும் விரும்பமாட்டார்.

நகைச்சுவை விஷயத்தில் நம் நீதிமன்றங்கள் போலீஸைவிட எவ்வளவோ தேவலாம். மதுரை மாவட்டத்துக்காரர் ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்குச் சுற்றுலா போனார். போட்டோக்களைப் போட்டு, ‘துப்பாக்கிப் பயிற்சிக்காக சிறுமலை பயணம்’ என்று முகநூலில் விளையாட்டாக எழுதினார். அவர் இடதுசாரிக் கட்சிக்காரர். வாடிப்பட்டி போலீஸ் அதற்குப் போட்ட பிரிவுகளில் ஒன்று, அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேகரித்தது! மாஜிஸ்திரேட் அவரை ரிமாண்ட் செய்ய மறுத்துவிட்டார். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்த எஃப்.ஐ.ஆர்.ஐ ரத்து செய்தார். 2025 மார்ச்சில் எம்.பி. இம்ரான் பிரதாப்கடியின் கவிதை வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையேதான் சொன்னது: எதைக் கேட்டாலும் ஆபத்து என்று பதறுகிற ஆளை வைத்து ஒருவரின் பேச்சை எடைபோடக் கூடாது, திடமனசுள்ளவர்களின் பார்வையில் பார்க்க வேண்டும்.

அப்படியானால் மாட்டிக்கொள்கிறவர்கள் யார்? பெரும்பாலும் சொந்தமாகக் கிண்டலடித்தவர்கள் அல்ல. அடுத்தவர் அனுப்பியதைப் படிக்காமல் தள்ளிவிட்டவர்கள். 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான எஸ்.வி. சேகர் முகநூலில் பகிர்ந்தார். முழுதாகப் படிக்காமல் பகிர்ந்துவிட்டேன், நீக்கிவிட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்றார். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு, அதன் விளைவுக்கு அனுப்பியவரே பொறுப்பு என்றது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. ஃபார்வர்டு பட்டனை அழுத்தும்போது ‘நான் எழுதலையே’ என்ற சமாதானம் மனசுக்குள் ஓடும். கோர்ட்டில் அது எடுபடாது.

ஜாதி, மதம், பெண்களின் ஒழுக்கம் இவை மூன்றும் கிண்டலில் கலந்தால் உங்களுக்காக நானே வாதாடத் தயங்குவேன். இதைவிட மோசமான பொறி நியூஸ் கார்டு. ஒரு டி.வி. சேனலின் லோகோ, வண்ணம், எழுத்துரு எல்லாவற்றையும் அப்படியே எடுத்து, தலைவர் சொல்லாத ஒரு வாசகத்தை அவர் படத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். செய்தவருக்கு அது நையாண்டி. பார்க்கிறவர் நம்பிவிட்டால் அது போலி ஆவணம். ஒருவரின் பெயரைக் கெடுக்கப் போலி ஆவணம் தயாரிப்பதற்குத் அதே நியாய சன்ஹிதாவில் தனிப் பிரிவே இருக்கிறது, 336(4). மூன்று ஆண்டு வரை தண்டனை. ஏ.ஐ. குரலில் தலைவர்களைப் பேசவைக்கும் வீடியோவும் இந்த ரகம்தான். வடிவேலுவின் முகத்தைப் பார்த்து யாரும் நிஜச் செய்தி என்று நினைக்க மாட்டார்கள்; அந்த வகையில் அவர் உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

பதிவுகளை அழிப்பது பற்றி: இந்த மிரட்டலுக்காக அந்த மீமை நீக்க வேண்டியதில்லை. பழைய ஃபார்வர்டுகளில் நான் சொன்ன வகை ஏதாவது இருந்தால் இப்போதே நீக்குங்கள், நல்லது. ஆனால் உண்மையான நோட்டீஸ் வந்த பிறகு எதையும் தொடாதீர்கள். சாட்சியத்தை அழித்தார் என்று புதிதாக ஒரு குற்றச்சாட்டு கிளம்பும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் மனைவியின் நிலைமைதான். நான் இதுவரை சொன்ன தைரியம் எதுவும் அவருக்கு அப்படியே பொருந்தாது. சிரிப்புக்குறிக்காக அவர் மேல் கிரிமினல் வழக்கு வராது. லைக் போடுவது பதிவை வெளியிடுவதாகாது, பகிர்வதுதான் வெளியிடுவது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2025இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அரசு ஊழியரைக் கைது செய்யத் தேவையே இல்லை, ஒரு மெமோ போதும். 1973ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ பொதுவெளியில் விமர்சிப்பதைத் தடுக்கின்றன. கட்சி அரசியலில் பங்கெடுப்பதையும் தடுக்கின்றன. சொந்தக் கணக்கு, சொந்த போன், விடுமுறை நாள் என்பதெல்லாம் பதிலாகாது. பள்ளியில் பிடிக்காத ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால் போதும், 17(ஏ) வரும்; அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதியில் சிறு தண்டனைக்கான குற்றச்சாட்டு அது. சற்று வேகமான அதிகாரி இருந்தால் பெரிய தண்டனைக்கான 17(பி) வரும். 17(பி) நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது. விசாரணை எப்போது முடியும் என்று கடவுளுக்கும் தெரியாது. தண்டனை சின்னதாக இருக்கலாம், காத்திருப்புதான் நிஜமான தண்டனை.

இதற்கும் ஒரு எதிர்த்தீர்ப்பு உண்டு. கிராம வங்கி ஊழியர் ஒருவர் தொழிற்சங்க வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரிகளைக் கிண்டல் செய்தார். நிர்வாகம் மெமோ கொடுத்தது. 2023இல் மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. ஊழியர்கள் தங்களுக்குள் புலம்பித் தீர்த்துக்கொள்ள உரிமை உண்டு என்றது. ஆனால் கவனியுங்கள், அது மூடிய குழு. உள்ளே இருந்தவர்கள் சக ஊழியர்கள். பேசியது அலுவலக விவகாரம். உங்கள் மனைவி பகிர்ந்தது முகநூலில், யாரும் பார்க்கும்படி. பேசுபொருள் ஆளும் தரப்பின் எம்.எல்.ஏ.வாக இருந்தால் இன்னும் சிக்கல். அந்தத் தீர்ப்பை நம்பி அவரை இறக்கிவிடாதீர்கள். ஒரு ஆசிரியை தன் தெருவில் உள்ள பள்ளத்தைப் பற்றிச் சிரிக்கக்கூட நடத்தை விதியைப் புரட்ட வேண்டியிருப்பது எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் விதி மாறும் வரை அவர் உங்கள் அரசியல் பதிவுகளைப் பகிர வேண்டாம், ஏற்கெனவே பகிர்ந்ததை எடுத்துவிடட்டும், உங்கள் பதிவுகளில் நீங்களும் அவரை டேக் செய்யாதீர்கள். மெமோ வந்தால், அதில் சொல்லும் தேதிக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். ‘சி.இ.ஓ. ஆபீஸில் எனக்கு ஆளிருக்கு’ என்று அங்கேயும் ஒருவர் வருவார். அவருக்கும் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

குடும்பக் குழுவிலிருந்து நீங்கள் விலக வேண்டியதில்லை. மற்றவர் போட்டதற்கு அட்மின் மட்டும் என்ற காரணத்தால் பொறுப்பாக மாட்டார் என்று பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. சித்தப்பா அனுப்பும் நியூஸ் கார்டுகளை மட்டும் நீக்கிவிடுங்கள். அட்மினுக்கு அந்த வசதி இருக்கிறது.

25,000 கேட்ட உள்ளூர்க்காரர் மறுபடி வந்தால், யாருக்காகக் கேட்கிறார் என்று பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். காவலர் ஒருவரின் பெயரைச் சொன்னால் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுதுங்கள். சொல்லாவிட்டால் மிரட்டிப் பணம் பறிக்கப் பார்க்கிறார் என்று எஸ்.பி. அலுவலகத்தில் புகார் கொடுத்து, மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.