கண்ணுக்குள்ள இருக்கிற தண்ணிய எடுத்து டெஸ்ட் பண்ணணுமா?

பெங்களூர் அல்சூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையனுக்கு 8 வயசு, ஒரு கண்ணுல கோட்ஸ் நோய் (ரெட்டினாங்கிற கண்ணோட உள் திரையில ரத்தக்குழாய் ஒழுகற நோய்), அடுத்த வாரம் மயக்கம் குடுத்து லேசர். மாமனாருக்கு சுகர்னால ரெட்டினாவுல வீக்கம், மாசாமாசம் கண்ணுல ஊசி. ரெண்டு பேர் கண்ணுல இருந்தும் கொஞ்சம் தண்ணி எடுத்து இன்ஃப்ளமேஷன் மார்க்கர், அதாவது அழற்சியக் காட்டற புரதங்கள், பாக்கணும்னு கையெழுத்து கேக்கறாங்களாம். "ரத்தத்துல சிஆர்பி பாத்தா தெரியாதா டாக்டர்?"

தெரியாதுங்க. சிஆர்பிங்கிறது உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற ரத்த டெஸ்ட். ரத்தத்துக்கும் ரெட்டினாவுக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு, அதனால உள்ள ஐஎல்-6, ஐஎல்-8, எம்சிபி-1னு அழற்சி புரதமெல்லாம் ஏறிக் கிடக்கலாம், வெளிய சிஆர்பி நார்மல்னு வரலாம். எடுக்கிற தண்ணி கண்ணீர் இல்ல, கண்ணோட முன்னறையில இருக்கிறது, மொத்தமே கால் மில்லி, அதுல 0.1 மில்லி எடுப்பாங்க, ரெண்டு மணி நேரத்துல திரும்ப ஊறிடும். இன்ஃபெக்‌ஷன் ஆகற வாய்ப்பு ரொம்ப கம்மி, ஆனா இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

சரி, ரிப்போர்ட்ட வச்சு மருந்து மாறுமா? இவங்க ரெண்டு பேருக்கும் இப்போதைக்கு மாறாது, இத யாராவது உங்களுக்கு நேரா சொல்லியிருக்கணும். சுகர் வீக்கத்துல விஇஜிஎஃப் (ரத்தக்குழாய ஒழுக வைக்கிற புரதம், மாசாமாசம் போடற ஊசி பொதுவா இதத்தான் அடக்குது) மட்டும் இல்ல, இன்ஃப்ளமேஷனும் சேந்துதான் தண்ணி கோக்குது, அதான் ஊசிக்கு அடங்காதவங்களுக்கு ஸ்டீராய்டு வைக்கிறோம், ஆனா அத ஓசிடி ஸ்கேன் (ரெட்டினா வீக்கத்த அளக்கற ஸ்கேன்), இதுவரைக்கும் ஊசி எவ்ளோ கேட்டுது, கண் பிரஷர் எல்லாம் பாத்துதான் முடிவு பண்றோம். எந்த நம்பருக்கு மேல போனா எந்த மருந்துன்னு பொதுவான கணக்கு எதுவும் இன்னும் வரல.

பையன் விஷயம் இன்னும் சிக்கல். கோட்ஸ்ல ரத்தக்குழாய் ஒழுகுது, விஇஜிஎஃப் ஏறும், தாத்தாவுக்கும் ஏறும், அதுக்காக ரெண்டும் ஒண்ணுன்னு ஆகிடாது. பெரியவங்களோட அளவ வச்சு குழந்தைய எடை போடக்கூடாது, நல்லா இருக்கிற குழந்தை கண்ணுல ஊசி குத்தி நார்மல் எவ்ளோன்னு பாக்கவும் முடியாது, அதனால பிறவி கண்புரைக்கு ஆபரேஷன் பண்ற பசங்ககிட்ட எடுத்த தண்ணியோடதான் பெரும்பாலும் ஒப்பிடறாங்க, அந்தக் கண்ணும் முழுசா நார்மல் கிடையாதே.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா கேளுங்க, ரெட்டினோபிளாஸ்டோமா, அதாவது கண் கேன்சர், இல்லைன்னு உறுதி பண்ணியாச்சான்னு. கோட்ஸ் மாதிரியே அதுலயும் கண்ணோட கருமணி வெள்ளையா தெரியும், அந்த சந்தேகம் பாக்கி இருந்தா ஊசி உள்ள போகவே கூடாது, கேன்சர் செல் வெளிய பரவலாம்.

கண்ணு தண்ணி டெஸ்ட்டே வேஸ்டுன்னு நினைச்சுக்காதீங்க. வைரஸ் இன்ஃபெக்‌ஷன் சந்தேகம்னா அந்தத் தண்ணியில வைரஸோட மரபணுவத் தேடற பிசிஆர்தான் வழி காட்டும், வயசானவங்க கண்ணுக்குள்ள லிம்ஃபோமா (ஒரு வகை கேன்சர்) சந்தேகம்னா ஐஎல்-10ங்கிற புரதம் ஐஎல்-6அ விட தூக்கலா இருக்கான்னு பாக்கறோம். உங்க வீட்ல அது ரெண்டும் இல்ல, உங்ககிட்ட கேக்கறது ஆராய்ச்சிக்கு.

அதனால காசு கேட்டா குடுக்காதீங்க. தாத்தாவுக்கு எப்படியும் ஊசி போடறப்ப எடுக்கறாங்கன்னா எடுக்கட்டும். பையனுக்கு லேசருக்கு குடுக்கிற அதே மயக்கத்துல எடுத்தா சரி, இதுக்குன்னு தனியா மயக்கம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, நீங்க வேண்டாம்னு சொன்னதுக்காக வைத்தியத்துல எதுவும் குறைக்கக் கூடாது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) விதிப்படி 7 வயசுல இருந்து 12 வரைக்கும் உள்ள பசங்ககிட்டயும் வாய்மொழியா சம்மதம் வாங்கணும், டாக்டர அவன்கிட்டயே சொல்லச் சொல்லுங்க, முழிக்கிறப்ப கண்ணுல கட்டு இருக்கும்னு அப்பவே தெரிஞ்சா பயப்படாம இருப்பான்.