அலையாத்தி நடுற தீர்மானம் எங்க மாட்டிக்கிச்சு?

தேவிபட்டினம் பக்கம் அலையாத்தி (மாங்குரோவ் மரம்) நடணும்னு கிராம சபைல தீர்மானம் போட்டும் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்ல நகரலன்னு கேட்டிருக்கீங்க, டிஎஃப்ஓ (மாவட்ட வன அலுவலர்) ஆபீஸ்ல மனு கொடுங்க. மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு கலெக்டர் தலைமை, டிஎஃப்ஓதான் காலநிலை அதிகாரி.

பெரும்பாலும் இடம்தான் சிக்கலா இருக்கும். முகத்துவாரத்துச் சேறு ஊராட்சி இடமா இருக்காது, வருவாய்த்துறை புறம்போக்கா இல்ல வனத்துறையோடதா இருக்கும், தீர்மானத்துல சர்வே நம்பர் போடாம வெறுமனே 'கடற்கரையில்'னு எழுதியிருந்தா எந்த அதிகாரியும் கையெழுத்து போட யோசிப்பாங்க.

தீர்மானத்தோட நகல் வாங்கிப் பாருங்க. ஊராட்சித் திட்டங்களை ஏத்துற இ-கிராம்ஸ்வராஜ் சைட்ல உங்க ஊராட்சித் திட்டத்துல அந்த வேலை ஏறியிருக்கான்னும் பாருங்க, ஏறலேன்னா அக்டோபர் 2 கிராம சபைல சர்வே நம்பரோட திரும்ப வைங்க.

ஆனா அலை நேரா அடிக்கிற மணல் கரைல அலையாத்தி நிக்காது, ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காடு மாதிரி உப்புத்தண்ணி ஏறி இறங்குற சேத்துலதான் வேர் பிடிக்கும். மணலா இருந்தா பனை கேளுங்க.